துண்டுத் துணியும் தொட்டில் குழந்தையும்

கடலூர்த் துறையிலிருந்து கடல் கடந்த துணிகளைப் பற்றி எழுதப் புகுவோர் பொதிகளை எண்ணுவர், கப்பல்களை எண்ணுவர், கும்பினியார் நெசவாளருக்குக் கொடுத்த முன்பணத்தையும், அதற்கு ஈடாகப் பிடுங்கிக்கொண்ட இலாபத்தையும் எண்ணுவர். அந்தத் துணி சட்டையாகவும் அங்கியாகவும் வெட்டப்பட்டபோது கத்தரிக்கோலின் ஓரத்தில் விழுந்த துண்டு எங்கே போயிற்று என்று வினவுவோர் அரியர். அதனை எடுத்துச் சேர்த்தவள் பெண்; அவள் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. எனவே அத்துண்டின் பின்னே சற்றுத் தொலைவு நடந்து பார்ப்போம்.

1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எத்துணைத் தொலைவில் விழுகிறதோ அத்துணை நிலமும் அவர்களுக்கே என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று இன்றும் கடலூரில் வழங்கும் பெயர்கள் அந்தப் பேரத்தின் தழும்புகள். செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டப்பெற்ற அவ்விடம், 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை இக்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவே விளங்கிற்று. 1758-இல் லாலி அதனைப் பிடித்துத் தகர்த்தான். தெற்கே, சிதம்பரத்துக்கு அருகே வெள்ளாறு கடலிற் கலக்குமிடத்தில் மஹ்மூது பந்தர் என்னும் பரங்கிப்பேட்டை இருந்தது. அங்கே போர்ச்சுகீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். அவர்களோடு தோளுரசி, கெடாவுக்கும் அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் மரக்கலம் விட்டவர் நம் மரக்காயர். இத்தனை பேரையும் இந்த மணற்கரைக்கு இழுத்தவற்றுள் முதன்மையானது நெய்த துணி.

அத்துணியிலும் சோழமண்டலக் கரையின் வண்ணச் சீட்டிக்கு இருந்த மதிப்பே தனி. வெண்துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். படிகாரம் கொண்டு பூவும் கொடியும் எழுதுவர். பின் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பேறி நிற்கும். மற்ற இடத்துச் சாயம் வெயிலிலும் வெளுப்பிலும் கழன்றுவிடும். நீலம் வேண்டுமாயின், நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். ஒரு துணி முடியப் பல வாரங்கள் ஆகும். பலமுறை துவைத்தாலும் மங்காத இவ்வண்ணத்தைக் கண்டு ஐரோப்பா மயங்கியது வியப்பன்று. அவ்வூர் நெசவாளர் கொதித்தெழுந்ததும் வியப்பன்று. பிரான்சு 1686-இல் இத்துணிக்குத் தடை விதித்து 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும், அது போதாதென்று 1721-இல் மற்றொரு சட்டமும் இயற்றிற்று. 1774-இல்தான் தடை நீங்கியது. சுங்கச் சாவடியைக் கொண்டு ஆசையைத் தடுத்துவிடலாம் என்று ஆட்சியாளர் எண்ணுவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

தடை வந்தால் பண்டம் அருகும். அருகினால் துண்டும் பொன்னாகும். வட இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் ஓர் ஒட்டுப் போர்வை இருக்கிறது. 1708-ஐ ஒட்டித் தைக்கப்பட்டது என்று மரபாகச் சொல்லப்படும் அது, அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளுள் ஒன்று. அதிலுள்ள துண்டுகள் இந்தியச் சீட்டியின் துண்டுகள்! ஒட்டுத் தையல் மேனாட்டுப் பெண்டிரின் கலை என்று நம் பள்ளிகளில் தையல் ஆசிரியைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கலைக்கு மூலப்பொருளாய்ப் போனது எந்தக் கரையின் துணி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஹாலந்தில் தடை இல்லை. அங்கே பெண்டிர் சீட்டியில் மேற்சட்டை தைத்து அணிந்தனர். மிஞ்சியதைக் கொண்டு பச்சைக் குழந்தைக்குச் சட்டையும் குல்லாயும் தைத்தனர். லேவர்டன் நகரின் ஃப்ரீஸ் அருங்காட்சியகத்திலும், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இத்தகைய சிறு சட்டைகளும் குல்லாய்களும் காக்கப்பட்டு வருகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் சோழமண்டலத் துணி, டச்சுத் தாயின் ஊசி. ஒரு சாண் அகலச் சட்டையில் கூடப் பல துண்டுகள் இணைக்கப்பட்டிருப்பதும், கொடியின் ஓட்டம் முறியாதபடி ஓரத்தை ஓரத்தோடு பொருத்தியிருப்பதும் அக்காலத் தையலில் காணத்தக்கவை.

இலண்டனிலேயே இதைவிட நெஞ்சைத் தொடும் சான்று ஒன்று உண்டு. வறுமையால் குழந்தையை வளர்க்க இயலாத தாய்மாருக்காக 1741-இல் அங்கே ஓர் அனாதை விடுதி திறக்கப்பட்டது. தாயின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. பிற்காலத்தில் அவள் வந்து கேட்டால் அடையாளம் காண வேண்டுமே! அதற்காகக் குழந்தையின் ஆடையிலிருந்தோ, தாய் கொண்டுவந்ததிலிருந்தோ ஒரு துண்டுத் துணியைச் சேர்க்கைத் தாளோடு குத்தி வைத்தனர். ஏறத்தாழ ஐயாயிரம் துண்டுகள் இன்றும் அந்த ஏடுகளில் உள்ளன. நம் சீட்டியைப் பார்த்து அந்நாட்டார் அச்சடிக்கக் கற்ற பூத்துணிகள் அவற்றுள் பல. 1767-இல் ஒரு தாய், துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, அதன்மேல் ஓர் இதய உருவை நூலால் வரைந்து, அதனை நடுவே இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைக் குழந்தையோடு விட்டாள். மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அவள் பெயர் சாரா பெண்டர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1775-இல், தன் மகனைத் திரும்ப அழைத்துச் சென்றாள். அவ்விடுதியில் விடப்பட்ட பல்லாயிரம் குழந்தைகளுள் அவ்வாறு மீட்கப்பட்டோர் மிகச் சிலரே என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தப் பாதித் துணியின் எடை விளங்கும்.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள்வரை புதுத்துணி உடுத்தலாகாது என்பார் நம் வீட்டுப் பெரியவர்கள். கண்ணேறு படும் என்று இதற்குக் காரணம் கற்பிப்போர் உளர். நம் தாய்வழிப் பாட்டியார் அதனை ஏற்றவரல்லர். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், அது பிஞ்சு உடம்பை அராவும், நூறு முறை துவைத்த கைலிதான் குழந்தைக்குப் பட்டு என்பார். அவர் சொன்னதே சரி. குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களில் தறியில் நெய்த கைலிக்குக் கடலூர் வட்டாரத்தில் என்றும் மதிப்பு உண்டு. அந்தக் கைலியின் வாழ்வு நீண்டது. வாப்பா உடுத்திய கைலி இடுப்பில் நைந்தபின் தூளியாகும். தூளி இற்றபின் குழந்தையின் கீழ்த்துணியாகும். அதுவும் கிழிந்தால் அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகும்.

கைலித் துண்டில் குழந்தைச் சட்டை தைப்பதற்கு வேறொரு வசதியும் உண்டு. நூலுக்கே சாயமேற்றி நெய்வதால் அதற்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வேறுபாடு இல்லை. கட்டத்தின் கோட்டைப் பிடித்து வெட்டினால், பாவும் ஊடையும் பிசகாமல் வெட்டு நேராக வரும், அளவுகோல் தேவையில்லை. சிதம்பரத்துத் தேர்வீதிகளின் தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணியைக் கேட்டு வாங்கி வருவதும் உண்டு. அவற்றுள் பருத்தியை மட்டும் பொறுக்கியெடுத்து, சாயம் கழன்று நீர் தெளியும்வரை துவைத்து, கனம் ஒத்த துண்டுகளை ஒன்றாக வைப்பார் பாட்டியார். கனத்த துணியும் மெல்லிய துணியும் இணைந்தால் மெல்லியது முதலில் கிழியும் என்பது அவர் கணக்கு. குழந்தைச் சட்டைக்குப் பொத்தான் வைக்கமாட்டார், நாடாதான். தையலின் மடிப்பு உடம்பில் உறுத்தாதபடி வெளிப்புறம் வரத் தைப்பார். அழகு குறைகிறதே என்று எவரேனும் சொன்னால், சட்டை போட்டுக்கொள்வது நீங்களா, பிள்ளையா என்று கேட்பார்.

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அறிவித்திருப்பதை நம்மில் பலர் அறிவோம். ஆடவர் ஊசி எடுப்பது இழிவு என்று எண்ணும் இல்லங்களில் அது ஏனோ நினைவுக்கு வருவதில்லை. உம்மு காலித் (ரலி) அவர்களைப் பற்றிய நபிமொழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அபிசீனியாவில் பிறந்து வளர்ந்த சிறுமி அவர்கள். நபிகளாருக்கு வந்த துணிகளுள் பூவேலை செய்த சிறிய கறுப்பாடை ஒன்று இருந்தது. இதனை யாருக்கு உடுத்தலாம் என்று கேட்டுவிட்டு, அச்சிறுமியை அழைத்துவரச் செய்து, தம் கையாலேயே உடுத்தினார்கள். அது நைந்து பழையதாகுமளவு நெடுநாள் உடுத்தி வாழ்க என்று வாழ்த்தினார்கள். பின் ஆடையின் பூவேலையைச் சுட்டி, அழகு என்பதை அச்சிறுமி அறிந்த அபிசீனியச் சொல்லாலேயே சொன்னார்கள். இந்நிகழ்ச்சி புகாரியில் இடம்பெற்றுள்ளது. குழந்தைக்குக் கொடுக்கும் ஆடை பெட்டியில் பூட்டி வைப்பதற்கன்று, நைந்து போகும்வரை உடுத்துவதற்கே என்பது நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பொருள்.

அபிசீனியா என்றவுடன் வேறொரு செய்தியும் நினைவில் எழுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பற்பல காலங்களில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த சித்தி மக்கள் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழ்கின்றனர். அவருள் முஸ்லிம்கள் உண்டு, கிறித்தவர் உண்டு, இந்துக்களும் உண்டு. அப்பெண்டிர் பழந்துணித் துண்டுகளைக் கொண்டு கவந்தி என்னும் போர்வை தைக்கின்றனர். மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவது அவர்களின் முறை. தொட்டில் குழந்தைக்கென்று தைக்கும் சிறு கவந்திகளில் வண்ணம் இன்னும் துள்ளும். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைத்து முடிப்பர். பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடம்பு போன்றது என்பது அவர்கள் கருத்து. ஏழ்மையிலும் அந்தப் பூவை மறக்கவில்லை பாருங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினமும் தப்பவில்லை. அந்நாட்களில் நாடெங்குமிருந்து துணி வந்து குவிந்தது. வந்தவற்றுள் பெரும்பகுதி கிழிந்ததும் கறைபட்டதும் இக்கரையில் எவரும் உடுத்தாததுமாக இருந்தது. எல்லாம் இழந்து நின்ற மீனவர் அதனைத் தொடவில்லை. சாலையோரங்களில் அது மலைமலையாய்க் கிடந்து நனைந்தது. டில்லியில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பினர், அவ்வாறு தமிழகத்தில் வீணாய்க் கிடந்த இலட்சக்கணக்கான துணிகளைப் பிரித்தெடுத்துப் பயனுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினர்.

அதே வேளையில், கடலூருக்கு வடக்கே ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்பார் நடத்தும் உபாசனா என்னும் ஆடை நிலையத்தில், மீனவப் பெண்கள் வெட்டில் மிஞ்சிய துணித் துண்டுகளைக் கொண்டு கட்டைவிரல் அளவு பொம்மைகள் செய்யத் தொடங்கினர். சுனாமிகா என்று அதற்குப் பெயர். அது விற்பனைக்கன்று, கொடுப்பதற்கே. கடலைக் கண்டாலே நடுங்கிய பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்த அப்பொம்மைகள் பல இலட்சம் உலகெங்கும் சென்றிருக்கின்றன. சாலையோரத்தில் கிடந்ததும் மிஞ்சிய துணி, இதுவும் மிஞ்சிய துணி. முன்னது நமக்கு வேண்டாததைக் கழித்துக்கட்டியது. பின்னது ஒருவர் தம் இரண்டு மணி நேரத்தை மற்றொருவருக்கு ஈந்தது. ஸதகா என்று சொல்லி வீட்டுக் குப்பையைக் கட்டி அனுப்பும் பழக்கம் நம்மிடையேயும் இல்லாமலில்லை. அதனைச் சொல்லிக்கொள்ள நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

பாட்டியார் நம் வாப்பாவின் நீலக்கட்டக் கைலியில் மிஞ்சியதையும், ஒரு வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தையும் சேர்த்து, ஏழு துண்டுகளில் ஒரு குல்லாய் தைத்திருந்தார். முதலில் நம் மூத்த சகோதரிக்காகத் தைத்தது. பின்னர் அக்குடும்பத்தில் பிறந்த ஐந்து குழந்தைகளின் தலைகளை அது கண்டது. ஒவ்வொரு முறையும் நாடா மட்டும் மாற்றப்பட்டது. டச்சுக் குழந்தையின் குல்லாயைக் கண்ணாடிப் பேழைக்குள் படத்தில் பார்த்த அன்று, அதனைத் தேடி வீட்டுப் பெட்டிகளையெல்லாம் கிளறினோம். கிடைக்கவில்லை. கேட்டதற்கு, ஐந்தாவது பிள்ளைக்குப் பிறகு அதைப் பிரித்து அடுப்படிக்கு எடுத்துக்கொண்டதாக உம்மா சொன்னார்கள்.