பிறந்த மண்ணும் பிரசாவுரிமையும்

ஒரு குழந்தை எந்நாட்டுக்கு உரியது என்னும் வினாவுக்கு உலகத்துச் சட்டங்கள் இருவகையாக விடை கூறி வந்துள்ளன. குழந்தை எம்மண்ணிற் பிறந்ததோ அம்மண்ணே அதன் நாடு என்பது ஒருவகை. பெற்றோர் எந்நாட்டவரோ அந்நாடே குழந்தைக்கும் நாடு என்பது மற்றொருவகை. முன்னதை மண்வழி உரிமை என்றும், பின்னதை மரபுவழி உரிமை என்றும் நாம் கூறலாம். இரண்டிலும் நியாயம் உண்டு; இரண்டையும் நாகரிகம் மிக்க நாடுகள் கைக்கொண்டுள்ளன. எனினும், ஏட்டில் ஒத்த தராதரம் உடையனவாகத் தோன்றும் இவ்விரண்டும் எளிய மக்களின் வாழ்வில் வந்து படியும்போது எத்துணை வேறுபட்ட பயனைத் தருகின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

2025ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதியாக இரண்டாம் முறை பதவியேற்ற திரு. டொனால்ட் டிரம்ப், அன்றே ஒரு நிறைவேற்றுக் கட்டளையிற் கையொப்பமிட்டார். தந்தை பிரசையாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இல்லாதவிடத்து, தாயும் சட்டத்துக்கு மாறாகவோ தற்காலிக அனுமதியுடனோ தங்கியிருப்பவராயின், அவர்களுக்கு அமெரிக்காவிற் பிறக்கும் குழந்தையைப் பிரசையாகக் கொள்ளலாகாது என்பது அக்கட்டளையின் சாரம். தற்காலிக வேலை அனுமதியுடன் அங்கு சென்றுள்ள பொறியியலாளரும் மருத்துவரும் இதன் எல்லைக்குள் அடங்குவர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் பல. ஆதலால் நம்மிடையேயும் இச்செய்தி பேசப்பட்டது. ஆயின், கலஹாவிலும் தெல்தோட்டையிலும் வாழும் நாம் இவ்விவாதத்தைக் கூர்ந்து கவனிப்பதற்கு இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. அதனை விளக்குமுன் அமெரிக்க வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1857ஆம் ஆண்டிலே, ட்ரெட் ஸ்கொட் என்னும் அடிமை தம் விடுதலை வேண்டித் தொடுத்த வழக்கிலே, ஆபிரிக்க வழிவந்த கறுப்பின மக்கள் அமெரிக்கப் பிரசைகளாதல் இயலாது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிற் பிறந்து, அம்மண்ணிலே உழைத்து, அம்மண்ணிலே புதைக்கப்பட்டவர்களைப் பற்றி உரைக்கப்பட்ட தீர்ப்பு அது. அதன்பின் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறை ஒழிந்தது. 1868ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் நிறைவேறிற்று. அமெரிக்காவிற் பிறந்து அதன் ஆள்புலத்துக்கு உட்பட்டோர் யாவரும் அதன் பிரசைகள் என்பது அத்திருத்தத்தின் முதல் விதி. இதனைச் சாதாரணச் சட்டமாக விடாது அரசியலமைப்பிலேயே பொறித்தமை கருதற்பாலது. அத்தகைய விதியை மாற்ற முற்படுவோர் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவையும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் உடன்பாட்டையும் பெறுதல் வேண்டும். ஒரு தேர்தலில் வென்ற கட்சி மறுதேர்தலுக்குள் தொட்டுவிடாதவாறு அவ்வுரிமை உயர்ந்த இடத்திலே வைக்கப்பட்டது.

இவ்விதி சோதனைக்குள்ளான வழக்கு சுவையானது. வொங் கிம் ஆர்க் என்பார் 1873ஆம் ஆண்டளவிற் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர், சமையற்றொழில் செய்தவர். அவருடைய பெற்றோர் சீனப் பேரரசின் குடிகள். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்தது. சீனா சென்று 1895இல் மீண்டு வந்த வொங்கைத் துறைமுகத்திலேயே அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1898ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள், நீதியரசர் ஹொரஸ் கிரே எழுதிய தீர்ப்பில், இருவர் மாறுபட அறுவர் உடன்பட்டு, அவர் பிறப்பாற் பிரசையே என முடிவு செய்தனர். பெற்றோர் எவ்வினத்தவர் என்பதை நீதிமன்றம் தடையாகக் கொள்ளவில்லை. பிள்ளை எங்குப் பிறந்தது என்பதையே நோக்கியது.

அமெரிக்கா எல்லாரையும் இருகரம் நீட்டி வரவேற்றது என்று இதனால் எண்ணிவிடலாகாது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிலே சேவை செய்த பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியர், பிரசாவுரிமை கோரியபோது, அவர் வெள்ளையர் அல்லர் எனக் கூறி 1923இல் அதே உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்தியர்க்கு அக்கதவு மூடியே இருந்தது. எனினும் ஒன்றை நோக்குக: தந்தைக்குக் கதவு மூடப்பட்ட அக்காலத்திலும், அங்கே பிறந்த பிள்ளைக்கு அது திறந்தே இருந்தது. வந்தவரின் குறை வழிவழியாகத் தொடராது ஒரு தலைமுறையோடு நின்றது. மண்வழி உரிமையின் பெரும்பயன் இதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் இம்மலைகளுக்கு வரத் தொடங்கியிருந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது, வந்துபோனவர்கள் வாழ்ந்திருப்பவர்களாயினர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு 12 பேர். 1931ஆம் ஆண்டு முதல் அவர்களிற் பலர் வாக்களித்தும் வந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டிலே பல ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் திரு. எஸ். தொண்டமான் தெரிவு செய்யப்பட்டார்.

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்தவராயினும், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறப்பவரோ பிரசையான தந்தைக்குப் பிறந்திருத்தல் வேண்டும். கண்டிச் சிங்களக் கிராமத்தவர் மனத்திலும் அந்நாளில் ஒரு குறை இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்ட காடுகள் பல தோட்டங்களாயின. தம் முன்னோர் நிலத்தருகே, தம்மை அறியாத பெருங்கூட்டம் குடியேறியதாக அவர்கள் கருதினர். அக்குறையை உண்டாக்கியவர் தோட்டத் தொழிலாளர் அல்லர். ஆயினும் அதன் விலையை அவர்களே செலுத்த நேர்ந்தது.

அச்சட்டத்தின் வாசகத்தைப் படிப்போர் அதிலே இந்தியர் என்ற சொல்லையும், தமிழர் என்ற சொல்லையும் காணார். எல்லாருக்கும் பொதுவான சட்டமாகவே அது தோன்றும். ஆனால், சட்டம் நடப்பது புத்தகத்திலன்று, கந்தோர் மேசையிலே. தந்தையின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டு, பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்று கேட்டால், இந்நாட்டு நாட்டுப்புறத்தவருள் எத்தனை பேர் காட்டியிருப்பர்? கிராமத்திலே வயலும் வளவும் உறவும் ஒருவரை யாரென்று சொல்லிவிடும். அவரிடம் பத்திரம் கேட்பாரில்லை. லயத்து அறையிலே பிறந்தவனுக்குக் காணியில்லை. தன் பெயரில் வீடில்லை. அவனிடமே பத்திரம் கேட்கப்பட்டது. ஆக, சட்டம் சமமாயிருந்தும் சான்று காட்டும் சுமை சமமாயிருக்கவில்லை. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு நாடி இந்தியாவுக்குப் போன பெண்ணின் பிள்ளைக்கோ, பிறப்பிடமே தடையாயிற்று.

1949ஆம் ஆண்டிலே, இந்தியர் பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் என்னும் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வதிந்ததாகக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்றது அது. காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பின்னர் அம்முடிவைக் கைவிட்டது. 1951 ஆகஸ்டில் முடிந்த தவணைக்குள் சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பத்தாண்டு கடந்து கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்கப்பட்டிருந்தனர். இதற்கிடையே, பிரசைகள் மட்டுமே வாக்காளராகலாம் என 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை. 1947இல் வென்ற தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்றது 1977ஆம் ஆண்டில்தான்.

அமெரிக்காவில் வொங் நாடியது போலவே இங்கும் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். அவர் பெயர் கோடகன் பிள்ளை. கேகாலைப் பகுதியில் றுவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். எந்த ஒரு சமூகத்தவர்க்கும், ஏனையோர்க்கு இல்லாத இடர்ப்பாட்டை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியதல்லவா? அதனை ஆதாரமாகக் கொண்டு, திருத்த அதிகாரி சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாகத் தீர்மானித்தார். இலங்கை உயர் நீதிமன்றம் 1951இல் அத்தீர்மானத்தை நீக்கியது. மேன்முறையீடு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. 1953இல் அதுவும் தள்ளுபடியாயிற்று. நேரே குற்றப்படாத சொற்களால் மறைவாக அதே தீங்கைச் செய்யும் சட்டமும் செல்லாததாகலாம் என்பதை அக்கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆயினும், தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது எந்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான தொழிலே என்று கூறி, இச்சட்டம் அத்தகையதன்று என முடித்தது. 1898இல் அமெரிக்க நீதியரசர்கள் கைப்பிடித்துக்கொள்ள, பிறந்த மண்ணைப் பற்றிய தெளிவான விதியொன்று இருந்தது. 1953இல் இலண்டன் நீதியரசர்கள் முன் அத்தகைய விதி இல்லை. பொதுவான பாதுகாப்பு வாசகம், குறிப்பான உரிமைக்கு ஈடாகாது என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகின்றது.

பின்வந்த வரலாறு நம் மூத்தோர் பலரின் நினைவிலிருப்பது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை, 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிலெடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்களைப் பங்கிடுதல் எளிது. ஒரே லயத்தில் வாழ்ந்த தமையன் இந்தியப் பட்டியலிலும் தங்கை இலங்கைப் பட்டியலிலும் இடம்பெற்றபோது, அவ்வெண்களின் பொருள் விளங்கிற்று. தலைமன்னாரிற் கப்பலேறியோர் பலர், தம் நாடென்று சொல்லப்பட்ட நாட்டை அன்றுதான் முதன்முறையாகக் காணச் சென்றனர்.

1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் தொகையைக் குறைத்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரசைகளாக வழி பிறந்தது. அவ்வாண்டு முடிவில் நடந்த இயக்கத்திலே பத்து நாட்களுக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரசாவுரிமை பெற்றனர். இந்நாட்டவர் அனைவரும் ஒரு மனத்தினராய்ச் செய்த நற்செயல் அது, நன்றியோடு நினைத்தற்குரியது. எனினும் பறித்தது 1948. முற்றத் திருப்பிக் கொடுத்தது 2003. சில மாதங்களில் ஆகிய சட்டத்தைச் சீர்செய்ய 55 ஆண்டுகள் சென்றன. இடையிலே இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

இந்த அனுபவத்தோடு மீண்டும் அமெரிக்காவை நோக்குவோம். டிரம்ப் அவர்களின் கட்டளையைச் சில நாட்களுக்குள்ளேயே சியற்றில் நகரத்து நீதிபதி தடுத்து நிறுத்தினார். 2025 சூன் 27இல் உயர் நீதிமன்றம், கீழ்நீதிமன்றங்கள் நாடளாவிய தடை விதிக்கும் அதிகாரத்தைச் சுருக்கியது. கட்டளை செல்லுமா என்ற மூலவினாவை அன்று தீர்க்கவில்லை. அடுத்த மாதமே நியூ ஹாம்ப்ஷயரில், பாதிக்கப்படும் குழந்தைகள் யாவரும் ஒரு தொகுதியாகக் கருதப்பட்டுப் புதிய தடையொன்று பிறந்தது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் மூலவினாவையே விசாரிக்க ஏற்றுக்கொண்டது.

மரபுவழி உரிமை தன்னளவில் அநீதியானதன்று. பிரித்தானியா 1983 முதலும், அயர்லாந்து 2004ஆம் ஆண்டு மக்கள் தீர்ப்புக்குப் பின்னும் மண்வழி உரிமையைச் சுருக்கின. இந்தியாவும் 1987இலும் 2004இலும் அவ்வாறே செய்தது. தன் வாயிலில் யாரை அனுமதிப்பது எனத் தீர்மானிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமையுண்டு. ஆனால் வாயிலில் நிற்பவர் வேறு. வீட்டினுள்ளே பிறந்த பிள்ளை வேறு. அப்பிள்ளைக்கு உரிமையில்லை என்போர், அது எந்நாட்டுக்குப் போகவேண்டும் என்ற வினாவுக்கு முதலில் விடை கூறல் வேண்டும். அவ்விடையைத் தேடாது சட்டம் செய்த நாட்டில் என்ன நிகழ்ந்தது என்பதை, கலஹாவிலிருந்து நாம் கூற முடியும்.

இன்றும் இலங்கைச் சட்டம் மரபுவழிச் சட்டமே. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தால் தந்தையோடு தாய்வழியும் பிரசாவுரிமை பெறும் நிலை உண்டாயிற்று. ஆதலால் பெற்றோரின் பத்திரங்கள் பிள்ளையின் வாழ்வுக்கு இன்றும் வேராக உள்ளன. பாடசாலையிற் சேர வரும் பிள்ளையிடம் எம் போன்ற அதிபர்கள் கேட்கும் முதற்பொருள் பிறப்புச் சான்றிதழே. அதிலே பெயரொன்று பிழைத்திருப்பினும், நாளை அடையாள அட்டையிலும் தொழிலிலும் அது தடையாக நிற்கும். தோட்டத்துத் தாய்மாரும் தந்தைமாரும் பிள்ளை பிறந்த உடனே பதிவு செய்து, எழுத்தெல்லாம் சரிபார்த்து, அப்பத்திரத்தைப் பேணி வைத்தல் வேண்டும். கற்றோர் அவ்வேலையில் அவர்களுக்குத் துணை நிற்றல் கடன்.

நேயர்களே, தொலைதூர நாடொன்றின் நீதிமன்றச் செய்தியை வானொலியிலே கேட்கும்போது, அது பிறர் கதை என்று கடந்துவிட வேண்டா. அங்கே வழக்கிற் பேசப்படும் குழந்தையின் பெயரை நாம் அறியோம். ஆனால் அதன் நிலையை அறிவோம். நம் பாட்டனும் தந்தையும் அந்நிலையில் வாழ்ந்தவர்கள்.