பிடித்த மீனை ஏன் விட்டுவிட்டார், ஐயா?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தான். அவன் வீட்டில் பார்த்த காணொளியில் ஒருவர் குளிர்ந்த ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, நெடுநேரம் முயன்று, புள்ளிகள் நிறைந்த அழகிய மீன் ஒன்றைப் பிடித்தாராம். அதைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டாராம். "திரும்ப விடுவதற்கா ஐயா இவ்வளவு பாடுபட்டார்?" என்றான். அவன் தந்தையார் வார இறுதிகளில் தூண்டிலும் கையுமாக இருப்பவர். அவர் பிடிக்கும் மீன் குழம்புச் சட்டிக்குத்தான் போகும். எனக்கும் உடனே விடை சொல்ல இயலவில்லை. படித்துப் பார்த்தேன், படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த மீனின் பெயர் டிரௌட். குளிர்நீரில் மட்டுமே வாழ்வதால் நம் தாழ்நில ஆறுகளில் அது பிழைக்காது. தமிழ் மண்ணில் காண வேண்டுமானால் நீலகிரிக்குச் செல்ல வேண்டும். அங்கும் அது வெள்ளையர் கொண்டுவந்து விட்ட மீனே. அவலாஞ்சியில் அதற்கான குஞ்சு பொரிப்பகம் 1907இல் அமைந்தது.

இதைப் பிடிக்கும் முறையை 'ஃபிளை ஃபிஷிங்' என்பர். புழுவையோ இறாலையோ முள்ளில் கோப்பதில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலக் கட்டி, நீர்மேல் விழச்செய்து மீனை ஏமாற்றுவது இக்கலை. இதைப் பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்பை ஏறத்தாழ கி.பி. 200இல் வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானியர் விட்டுச் சென்றுள்ளார். மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்னும் ஆற்றில் புள்ளி மீன்கள் ஒருவகைப் பூச்சியை விரும்பித் தின்றன. அப்பூச்சியையே இரையாகக் கோக்கலாமே என்றால், மனிதக் கை பட்டதும் அதன் நிறம் கெட்டுவிடும்; மீன் சீண்டாது. எனவே அங்குள்ளோர் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைக் கட்டினராம். அக்குறிப்பைப் படிக்கையில், அவர்கள் எத்தனை நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீனையும் பூச்சியையும் கவனித்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

மெழுகு நிற இறகு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளி போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலேயர் தம் செயற்கைப் பூச்சிகளுக்குக் கண் போலவும் பக்கச் சிறகு போலவும் இவற்றை வைத்துக் கட்டினர். அழகுக்காகப் பல பறவைகள் உயிரிழந்தன. இன்று இந்தியாவில் அப்பறவை சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. பூச்சி கட்டுவோர் வளர்ப்புப் பறவைகளின் இறகையே பயன்படுத்துகின்றனர்.

ஆங்கில மொழியில் இக்கலைக்கு முதல் அச்சு நூல் 1496இல் வந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவி எழுதியதாகச் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்றில்லை. பன்னிரண்டு வகைப் பூச்சிகளைக் கட்டும் முறையைச் சொல்லும் அந்நூல், ஒரே வேளையில் பேராசைப்பட்டு அளவுக்கு மீறி மீன் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு குரல்! ஆயினும் அது அளவோடு எடு என்றதே தவிர, திருப்பி விடு என்று சொல்லவில்லை.

கருவிகளின் கதையும் சுவையானது. செயற்கைப் பூச்சிக்கு எடையே இல்லை. அதைத் தனியே வீச முடியாது. ஆகவே நூலுக்கு எடை கொடுத்து நூலையே வீசுகின்றனர். பூச்சி அதன் பின்னால் செல்கிறது. முதலில் குதிரைவால் மயிரைப் பின்னி நூலாக்கினர். பின்னர் பட்டு நூல் வந்தது. அதை எண்ணெய்ப் பசையிட்டு மிதக்கவைத்து, பயன்படுத்தியபின் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். பூச்சியைக் கட்டும் நுனி இழையைப் பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்துச் செய்தனர். 1938இல் நைலான் அறிமுகமான பிறகு அந்த இடத்தைத் தங்கூசி பிடித்துக்கொண்டது. மூங்கிலை ஆறு சிம்புகளாகப் பிளந்து ஒட்டிய தூண்டிற்கோல்கள் 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றன. 1970களில் கார்பன் இழைக் கோல்கள் வந்தன.

குளிர்நாட்டுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகள் யாரேனும் இக்கலையைப் பழக விரும்பினால், 9 அடி நீளமுள்ள 5ஆம் எண் கோலும் அதே எண்ணுள்ள மிதக்கும் நூலும் போதும். 5ஆம் எண் நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் எடை கொண்டது. கோலின் எண்ணும் நூலின் எண்ணும் பொருந்தாவிட்டால் வீச்சு கைகூடாது. நுனி இழை மிக மெல்லியதாக இருக்கலாகாது. அறுந்துவிடுமோ என்று அஞ்சி மீனை நெடுநேரம் இழுத்தலைக்க நேரும். அதற்குள் அது களைத்துவிடும்.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நல்ல மீன் ஒருமுறை மட்டும் பிடிபட்டு முடிந்துபோவதற்கு உரியதன்று என்னும் கருத்தை, லீ உல்ஃப் என்ற அமெரிக்கர் 1939இல் தம் நூலில் எழுதினார். பிடிப்போர் பெருகி, மீன் குறைந்து வந்த காலத்தில் அக்கருத்து மெல்ல மெல்ல வேரூன்றியது. விட்டுவிட்டால் மீன் பிழைத்துவிடும் என்பதே பலருடைய நம்பிக்கை.

நான் வியந்தது இதற்கடுத்த பகுதியைப் படித்தபோதுதான். 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் ஆகிய இருவர் கனடிய ஆய்விதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வானவில் டிரௌட் மீன்களை விரட்டிக் களைக்கச்செய்து, பன்னிரண்டு மணி நேரம் கவனித்தனர். களைப்பு மட்டும் அடைந்தவற்றுள் 12 விழுக்காடு இறந்தன. களைத்தபின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 38 விழுக்காடு இறந்தன. 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் 72 விழுக்காடு! நீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. இது அளவுகடந்து களைக்கச்செய்த ஆய்வுக்கூட மீன்களின் கணக்கு. எல்லா ஆற்றிலும் இதே அளவு மடியும் என்று கொள்ளக்கூடாது. எனினும் ஒரு படத்துக்காக நாம் கேட்கும் ஒரு நிமிடம் அந்த உயிருக்கு எவ்வளவு பெரியது என்பதை இது காட்டுகிறது.

ஆகவே திருப்பி விடுவோருக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முள்ளில் பின்னோக்கி இருக்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். அப்போது முள் எளிதில் கழலும். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை, நோய்க்கிருமிகளிடமிருந்து அதைக் காக்கும் வழுவழுப்பான பூச்சைத் துடைத்தெடுத்துவிடும். கைவலை முடிச்சில்லாத ரப்பர் வலையாக இருப்பது நலம். முள்ளை நீருக்குள்ளேயே கழற்ற வேண்டும். ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் இழையை அறுத்துவிடுவதே மேல். நீரோட்டத்தை எதிர்நோக்கி மீனைத் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்தும்வரை காத்திருக்க வேண்டும். நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினால் அன்று டிரௌட்டுக்குத் தூண்டில் போடாமல் இருப்பதே முறை. சூடேறிய நீரில் உயிர்வளி குறைவு.

இவற்றையெல்லாம் அவனுக்கு எளிமையாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலை, சபைக்கூடல் முடிந்ததும் என்னிடம் ஓடிவந்தான். அதே காணொளியைக் கடிகாரத்தோடு மறுபடியும் பார்த்தானாம்.

"41 விநாடி ஐயா, வெளியிலேயே வைத்திருந்தார். அந்த மீன் பிழைத்திருக்குமா?"