ஆறு துளையும் ஐந்து சுரமும்

சென்ற கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு மாலை, பீடச் சிறுவன் ஒருவன் பங்கு இல்லத்திற்கு வந்தான். அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரியும் அவனுடைய சித்தி, ஊருக்கு வந்தபோது அவனுக்கு ஒரு தகரக் குழலைக் கொடுத்துச் சென்றிருந்தார். "சாமி, இதுல 'அமேசிங் கிரேஸ்' பாட்டு வாசிக்கச் சொல்லித் தாங்க" என்றான். குருமடத்தில் மூன்று ஆண்டுகள் புல்லாங்குழலோடு போராடித் தோற்றவன் நான் என்பதை அவன் அறியான். எனினும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

தகரக் குழல் மிக எளிய கருவி. இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் என்பவர் 1843-ஆம் ஆண்டில் தகரத் தகட்டைச் சுருட்டி, வாய்ப்பகுதியில் சிறு மரக்கட்டையைச் செருகி இதனைச் செய்து விற்கத் தொடங்கினார். ஏழைத் தொழிலாளியின் பிள்ளையும் வாங்கக்கூடிய விலை. ஆறே துளைகள். நம் புல்லாங்குழலைப் போல உதட்டின் கோணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஊதினால் ஒலிக்கும். ஆனால் ஒன்று: ஆறு துளைகளையும் மூடி ஊதும் அடிச்சுரத்திற்கு மூச்சு மிக மென்மையாக இருக்க வேண்டும். சற்றே மிகுந்தாலும் குழல் மேல் தாயிக்குத் தாவிக் கீச்சிடும். நாங்கள் கற்க எடுத்த பாடலோ அந்த அடிச்சுரத்தில்தான் தொடங்குகிறது. முதல் வாரம் முழுவதும் பங்கு இல்லத்தில் கீச்சொலிதான். சமையற்கார அம்மா முகம் சுளித்ததை நான் காணாதது போல் இருந்துவிட்டேன்.

மெட்டை விரல்களால் தேடியபோதுதான் அதன் அமைப்புப் புலப்பட்டது. மேலிருந்து மூன்று துளைகளை மூடினால் வரும் ஒலியை 'ச' என்று கொள்வோம். இரண்டை மூடினால் 'ரி', ஒன்றை மூடினால் 'க'. ஐந்தை மூடினால் கீழ் 'த', ஆறையும் மூடினால் கீழ் 'ப'. பாடலின் உச்சியில் மேல் 'ப' நிமிர்ந்து நிற்கிறது. அவ்வளவே. 'ம'வும் 'நி'யும் எங்குமே இல்லை. ச, ரி, க, ப, த என்னும் இந்த ஐந்தும் நம் மோகன இராகத்தின் சுரங்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைப் பண்ணே இன்றைய மோகனம் என்று இசை ஆய்வாளர் பலர் கருதுவர். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எளிய குழலுக்கு ஐந்து சுரம் இசைவாக அமைகிறது. உலகில் பல நாட்டு மக்கள் தாமாகவே அதைக் கண்டடைந்திருக்கிறார்கள்.

இப்பாடலின் சொற்களும் மெட்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல என்பதைப் பலர் அறியார். சொற்களை எழுதியவர் ஜான் நியூட்டன். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த இவர் ஓல்னி என்னும் சிற்றூரில் குருவாகப் பணியாற்றியபோது, 1773 புத்தாண்டு நாள் மறையுரையை ஒட்டி இதனை எழுதினார். அன்று அவர் எடுத்துக்கொண்ட பகுதி குறிப்பேடு முதல் நூலின் 17-ஆம் அதிகாரம். இவ்வளவு தூரம் என்னைக் கொண்டுவர நான் யார் என்று தாவீது வியந்து நிற்கும் இடம். 1779-இல் அது அச்சேறியது, இசைக் குறிப்பு ஏதுமின்றி. மக்கள் தமக்குத் தெரிந்த மெட்டுகளில் பாடினர்.

இன்று நாம் அறிந்த மெட்டு அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து வந்தது. இயற்றியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. 1829-இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பில் இதன் இரு வடிவங்கள் வேறு சொற்களோடு காணப்படுகின்றன. தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் வாக்கர் 1835-இல் வெளியிட்ட 'சதர்ன் ஹார்மனி' என்னும் நூலில்தான் நியூட்டனின் சொற்களும் இந்த மெட்டும் இணைந்தன. அந்நூல் இசைப் பயிற்சி இல்லாத எளிய மக்களுக்காக அமைந்தது. முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என நான்கு உருவங்களால் சுரங்களைக் குறித்தார்கள். முதலில் சுரப்பெயர்களைப் பாடிவிட்டு, அதன் பின்னரே சொற்களைப் பாடுவது அவர்கள் வழக்கம். கீதம் கற்கும் நம் பிள்ளைகளும் இவ்வாறே சுரத்தை முதலிலும் சாகித்தியத்தைப் பின்னரும் பாடுகிறார்கள் அல்லவா? 1972-இல் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் இசைக்குழு இதனைப் பைக்குழலில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. பைக்குழலில் மொத்தமே ஒன்பது சுரங்கள்தாம்.

இனி நான் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நியூட்டன் அடிமை வணிகக் கப்பலின் தலைவராக இருந்தார், கடும் புயலில் சிக்கி மனந்திரும்பினார், அன்றே அத்தொழிலை உதறிவிட்டு இப்பாடலை எழுதினார், கப்பலின் அடித்தளத்தில் கட்டுண்டு கிடந்த ஆப்பிரிக்கரின் முனகலே இதன் மெட்டு என்று ஒரு கதை உலவுகிறது. தவக்காலத் தியானங்களில் இதனை நான் பலமுறை உருக்கத்தோடு சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்கலங்கியதும் உண்டு. ஆனால் மெட்டைப் பற்றிய செய்திக்குச் சான்று எதுவும் இல்லை. மற்றதும் அவ்வாறு நடக்கவில்லை.

புயல் வீசியது 1748 மார்ச்சில். அப்போது நியூட்டனுக்கு வயது 22. அவர் கப்பல் தலைவரும் அல்லர். உயிர் பிழைத்தவர் இறைவேண்டலிலும் விவிலிய வாசிப்பிலும் ஈடுபட்டார். அதன் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் செய்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதே தளத்தின் கீழே மனிதர் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். 1754-இல் அவர் கடலை விட்டதும் திடீரென வந்த உடல்நலக் குறைவால்தான். மனச்சான்று உறுத்தியதால் அன்று. அடிமை வணிகத்தை எதிர்த்து, அதில் தமக்கு இருந்த பங்கை வெட்கத்தோடு அறிக்கையிட்டு அவர் நூல் வெளியிட்ட ஆண்டு 1788. புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் இடையே 40 ஆண்டுகள்! குருடாயிருந்து பார்வை பெற்றதாகப் பாடிய 1773-இலும் அவர் பார்வைக்கு இது முழுமையாகத் தென்படவில்லை. பின்னர் வில்பர்ஃபோர்ஸ் போன்றோருக்கு அவர் துணை நின்றார்; பிரிட்டனில் அடிமை வணிகத்தைத் தடை செய்த சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியதைக் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார்.

புயல் கதை மறையுரைக்கு எளிது. நாற்பது ஆண்டுக் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்வது கடினம். ஒப்புரவு அருளடையாளத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் எனக்கு, இந்த இரண்டாவது கதையே பழக்கமானதாகத் தோன்றுகிறது. மனந்திரும்பியவர் மறுநாளே எல்லாவற்றையும் கண்டுவிடுவதில்லை. தம் பிழைப்பையும் வரவையும் தொடும் பாவத்தைக் கடைசியாகத்தான் காண்கிறார்.

மூன்றாம் வாரம், பையன் முதல் அடியைக் கீச்சொலியின்றி வாசித்த அன்று, அவனுக்கு இந்த வரலாற்றைச் சொன்னேன். குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ அந்தக் கப்பல்ல இருந்தவங்க பேரெல்லாம் என்ன சாமி?" என்றான்.

நியூட்டன் எழுதிய கப்பல் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. 1962-இல் அது நூலாகவும் வந்தது. பயணத்தில் இறந்து கடலில் இடப்பட்டவர்களை அவர் அதில் குறித்திருக்கிறார். பெயர் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அதைத்தான் அவனிடம் சொன்னேன்.