லேசர் வழிப் புரோட்டான் முடுக்கம்

மெல்லிய தகட்டின் மேல் மிகச் செறிவான லேசர் துடிப்பைப் பாய்ச்சி, அதன் பின்புறத்திலிருந்து புரோட்டான்களைச் சீறிப் பாயவைக்கும் முறை. தகடு பெரும்பாலும் தலைமுடியை விட மெல்லியது. ஹைட்ரஜன் அணுவின் கருதான் புரோட்டான். அதற்கு வேகமூட்ட வழக்கமாகப் பெரிய காந்தங்களும் கனத்த சுவர்களும் கொண்ட கட்டிடமே தேவைப்படும்.

1960இல் லேசர் பிறந்தது. பிளாஸ்மாவில் லேசர் எழுப்பும் அலையின் மீது எலக்ட்ரான்களை ஏற்றி ஓட்டலாம் என்று தாஜிமாவும் டாசனும் 1979இல் எழுதினார்கள். ஆனால் துடிப்பை அளவுக்கு மீறி வலுவாக்கினால் அதைப் பெருக்கும் கண்ணாடியே சேதமாகிவிடும். துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, கடைசியில் சுருக்கும் வழியை டோனா ஸ்ட்ரிக்லண்டும் ழெரார் மூருவும் 1985இல் கண்டார்கள். 2018இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம், ஒரு பெட்டாவாட் லேசரால் 58 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள புரோட்டான்களைப் பெற்றதாக அறிவித்தது. மிச்சிகனிலும் பிரிட்டனிலும் அதே ஆண்டில் இந்த முடுக்கம் பதிவானது.

நடப்பது இதுதான். ஒளி பட்டதும் தகட்டின் முன்புறம் பிளாஸ்மாவாகிறது. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் எலக்ட்ரான்கள் தகட்டைத் துளைத்து, மறுபுறம் மேகமாகக் கவிகின்றன. அந்த மேகத்துக்கும் தகட்டுக்கும் இடையே மீட்டருக்கு லட்சம் கோடி வோல்ட் அளவில் மின்புலம் எழுகிறது. அது நீடிப்பதோ நொடியின் லட்சம் கோடியில் ஒரு சில பங்குதான். வழக்கமான முடுக்கிகளில் மீட்டருக்குச் சில கோடி வோல்ட்டே தாங்கும். தங்கத் தகட்டில் ஹைட்ரஜன் இல்லையே, புரோட்டான் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். வெற்றிடக் கலத்துக்குள்ளும் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் நீர்ப்படலத்திலிருந்தும் எண்ணெய்ப் பிசுக்கிலிருந்தும்தான்! எல்லா அயனிகளிலும் எடை குறைந்தது என்பதால் புரோட்டானே முந்திக்கொள்கிறது.

இந்தியாவில் இத்துறை இந்தூரிலும் மும்பையிலும் வேரூன்றியது. இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தில் 150 டெராவாட் லேசர் இருக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் எம். கிருஷ்ணமூர்த்தி குழுவினர் 2014இல் வெளியிட்ட வேலை அழகானது. மெருகேற்றிய தளத்தின் மேல் சில அடுக்கு பாக்டீரியாவைப் பூசி லேசரால் தாக்கினார்கள். வெறும் தளத்தில் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாத கார்பன் அயனிகள் 700 வரை எட்டின. லேசர் அதேதான், மேடுபள்ளமான உயிரணுப் பரப்பு ஒளியை அதிகமாக உறிஞ்சிக்கொண்டது. இங்கே முடுக்கப்பட்டது புரோட்டான் அல்ல என்றாலும், இலக்கை மாற்றினாலே பலன் மாறும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இந்த ஆராய்ச்சியின் பெரிய நோக்கங்களில் ஒன்று புற்றுநோய் சிகிச்சை. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை தரப்பட்டது. எக்ஸ் கதிர் உடலை ஊடுருவி வழியெல்லாம் ஆற்றலை இறைத்துச் செல்லும். புரோட்டானோ தான் நிற்கும் இடத்தில்தான் பெரும்பகுதியைக் கொட்டும். சென்னை தரமணியில் 2019இல் அந்த வசதி வந்தது. அங்குள்ள முடுக்கி 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் தரும் சைக்ளோட்ரான். புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ ஒருவர் போனால், வாரக்கணக்கில் அங்கே அறை எடுத்துத் தங்கித்தான் சிகிச்சை பெற வேண்டும். முடுக்கி சிறுத்தால் சிகிச்சை மாவட்டத்துக்கே வரலாம் என்ற ஆசைக்கு இந்தத் தூரமே போதிய நியாயம்.

தடைகள் உண்மையானவை. தகட்டிலிருந்து வரும் புரோட்டான்கள் ஒரே ஆற்றலில் வருவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் தகட்டைத் துளையாக்கிவிடுவதால், அடுத்த துடிப்புக்குள் புதுத் தகடு வந்து நிற்க வேண்டும். இதற்கு வாயு இலக்கு ஒரு விடை. சந்திரசேகர் ஜோஷியின் கலிபோர்னியக் குழு 2012இல் ஹைட்ரஜன் வாயுத் தாரையில் கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பாய்ச்சி, சுமார் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில், 1 சதவீத அளவே ஏற்றத்தாழ்வுள்ள கற்றையைப் பெற்றது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வகம் 2022இல் எலிகளின் காதில் வளர்த்த கட்டிகளை லேசர் புரோட்டானால் கதிரூட்டிக் காட்டியது. 2024இல் 150 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியது. லிவர்மோர் எட்டிய 58 என்பது உடலுக்குள் 3 சென்டிமீட்டர் ஆழம். 150 என்பது சுமார் 16. தரமணியின் 230 என்பது 30 சென்டிமீட்டருக்கு மேல்.