இங்கிலாந்து மதுவகங்களில் கலைநிகழ்ச்சி, வாயிற்காவல் உரிமங்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் பப் எனப்படும் மதுவகங்களில் இசை, நடனம் முதலிய கலைநிகழ்ச்சிகளை நடத்தவும், அவற்றின் வாயிலில் காவலர்களைப் பணியமர்த்தவும் தேவைப்படும் சட்ட அனுமதிகள் இரண்டு தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருகின்றன. கலைநிகழ்ச்சிகளை 2003 ஆம் ஆண்டின் உரிமச் சட்டமும், வாயிற்காவலர்களை 2001 ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டமும் ஒழுங்குபடுத்துகின்றன. முதலாவதை உள்ளாட்சி மன்றங்களும், இரண்டாவதை பாதுகாப்புத் தொழில் ஆணையமும் செயல்படுத்துகின்றன. ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி மதுவுரிமச் சட்டங்கள் உள்ளமையால் அவை இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

மதுவகம் என்பதைத் தமிழ்நாட்டு மதுக்கடையுடன் ஒப்பிட இயலாது. அது மது விற்கும் இடமாக மட்டுமன்றி ஊரார் கூடிப் பேசும் இடமாகவும், உணவகமாகவும், பல ஊர்களில் இசைக் குழுக்கள் முதன்முதலில் மேடையேறும் இடமாகவும் இருந்து வருகிறது. எனவே அங்கு யார் பாடலாம், எத்தனை பேர் பாடலாம், வாயிலில் யார் நிற்கலாம் என்பவை பெரும் விவாதத்துக்கு உள்ளாகி வந்துள்ளன.

வரலாறு

இசைக்கும் நடனத்துக்கும் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி 1751 ஆம் ஆண்டின் சட்டமொன்றிலிருந்து தொடங்குகிறது. இலண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த 20 மைல் எல்லைக்குள்ளும் பொதுமக்களுக்காக இசையோ நடனமோ நடத்தும் இல்லங்கள் உரிமம் பெறவேண்டும் என்று அது கூறியது. இச்சட்டத்தின் நோக்கம் கலையை ஒழுங்குபடுத்துவது அன்று. திருட்டையும் வழிப்பறியையும் தடுப்பதே ஆகும். கேளிக்கை இல்லங்களே ஏழை மக்களைக் குற்றத்துக்கு இட்டுச் செல்கின்றன என்பது அக்கால ஆட்சியாளர்களின் கருத்து. இசையைக் குற்றத்தோடு சேர்த்துப் பார்க்கும் இப்போக்கு பிற்காலத்திலும் முற்றாக மறையவில்லை என்பதைக் கீழே காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மதுவுரிமத்தை மாஜிஸ்திரேட்டுகளும், பொதுக் கேளிக்கை உரிமத்தை உள்ளாட்சி மன்றங்களும் வழங்கின. கேளிக்கை உரிமத்துக்கான கட்டணம் மன்றத்துக்கு மன்றம் பெரிதும் வேறுபட்டது. ஆனால் சிறிய மதுவகங்களுக்கு ஒரு விலக்கு இருந்தது. 1964 ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தின் 182 ஆம் பிரிவின்படி, இருவருக்கு மேற்படாத கலைஞர்கள் இசை நிகழ்த்தினால் கேளிக்கை உரிமம் தேவையில்லை. இது 'மதுவகத்தில் இருவர்' விதி எனப் பெயர் பெற்றது. இதன் விளைவு விந்தையானது. இரண்டு மின்கித்தார்களைப் பெரும் ஒலிபெருக்கியோடு இணைத்துச் சுவர் அதிர வாசிப்பது சட்டப்படி சரி. மூன்று முதியவர்கள் ஒலிவாங்கியே இல்லாமல் மூலையில் அமர்ந்து நாட்டுப்புறப் பாடல் பாடுவது குற்றம். ஒலியின் அளவை அன்றித் தலைகளை எண்ணிய விதி இது.

2003 உரிமச் சட்டம்

மதுவுரிமம், கேளிக்கை உரிமம், இரவு உணவு உரிமம் ஆகியவற்றை ஒன்றாக்கி, பொறுப்பு முழுவதையும் உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்த இச்சட்டம் 2005 நவம்பர் 24 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய உரிமங்களைப் புதியவையாக மாற்றிக்கொள்ள 2005 பெப்ரவரி 7 முதல் ஆகஸ்ட் 6 வரை கால அவகாசம் தரப்பட்டது. மன்றங்கள் தம் முடிவுகளை நான்கு நோக்கங்களின் அடிப்படையில் மட்டுமே எடுக்கவேண்டும்: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல். ஓர் இசைக்குழு நன்றாக வாசிக்கிறதா, அவ்வூருக்கு அது தேவையா என்பவை இந்நான்கில் அடங்கா.

உரிமம் கோருபவர் கட்டட வரைபடத்தையும், எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன நடக்கும், மேற்கண்ட நோக்கங்களை எவ்வாறு காப்பார் என்பவற்றை விளக்கும் இயக்கத் திட்டத்தையும் மன்றத்துக்கு அளிக்கவேண்டும். காவல்துறை, தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் நலத்துறை முதலியவை கருத்துக் கூற உரிமை பெற்றவை. வெளிர் நீல நிறத் தாளில் அச்சிட்ட அறிவிப்பை மதுவகத்தின் வெளியே 28 நாட்கள் ஒட்டிவைக்க வேண்டும். இங்கிலாந்துத் தெருக்களில் நடப்போர் இந்த நீலத் தாளை அடிக்கடி காணலாம். பொருத்தமான எதிர்ப்பு ஏதும் வராவிடில் உரிமம் கேட்டபடியே வழங்கப்படவேண்டும். எதிர்ப்பு வந்தால் மன்ற உறுப்பினர்கள் மூவர் கொண்ட துணைக்குழு இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்யும். அம்முடிவை எதிர்த்து 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

விண்ணப்பக் கட்டணம் கட்டடத்தின் வரிமதிப்பைப் பொறுத்து 100 முதல் 635 பவுண்டு வரை ஐந்து படிகளாக 2005 இல் நிர்ணயிக்கப்பட்டது. மது விற்கும் ஒவ்வோர் இடத்துக்கும், தனிநபர் உரிமம் பெற்ற ஒருவர் மேற்பார்வையாளராகப் பெயர் குறிக்கப்படவேண்டும். பெரும்பாலும் மதுவகத்தை நடத்துபவரே இப்பொறுப்பை ஏற்கிறார். உரிமமின்றி நிகழ்ச்சி நடத்தினால் ஆறு மாதம் வரை சிறையும், 20,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்க இச்சட்டம் இடமளித்தது. அபராதத்துக்கான உச்சவரம்பு 2015 இல் நீக்கப்பட்டது.

ஆண்டு முழுவதற்கும் உரிமம் வேண்டாதவர்கள் தற்காலிக நிகழ்வு அறிவிப்பைப் பயன்படுத்தலாம். இதன் கட்டணம் 21 பவுண்டு. பணியாளர், கலைஞர் உட்பட ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருத்தல் கூடாது. நிகழ்வு 168 மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது. பத்து வேலை நாட்களுக்கு முன்னரே மன்றத்துக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்கவேண்டும். தாமதமாக அறிவிக்கவும் வழி உண்டு எனினும், அதற்கு அதிகாரிகளில் ஒருவர் மறுப்புத் தெரிவித்தாலும் நிகழ்வு நடவாது, விசாரணையும் இல்லை.

நேரடி இசை குறித்த சர்ச்சை

புதிய சட்டம் 'மதுவகத்தில் இருவர்' விதியை நீக்கியது. மது விற்கும் உரிமத்தோடு இசைக்கான அனுமதியையும் கூடுதல் செலவின்றி ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம் என்பது அரசின் வாதம். ஆயினும் கேட்டவுடன் அண்டை வீட்டாரின் எதிர்ப்பும் நிபந்தனைகளும் தொடர்ந்தன. கதவு சன்னல்களை மூடிவைத்தல், ஒலியளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்துதல், காவலர்களை நிறுத்துதல் போன்ற நிபந்தனைகளுக்கு ஆகும் செலவு, வாரம் ஒரு நாள் பாடகரை அழைக்கும் சிறிய மதுவகத்துக்குக் கட்டுப்படியாகாது. கேட்காமலே விட்டுவிட்டவர்கள் பலர். முன்னர் தடையின்றி இருந்த ஒற்றைப் பாடகரும் இவ்வாறு சட்டத்துக்குப் புறம்பானார்.

விலக்குகளின் பட்டியலும் கேலிக்கு உள்ளானது. நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் காட்டுவது ஒழுங்குபடுத்தப்பட்ட கேளிக்கை அன்று என்பதால், காற்பந்துப் போட்டியைப் பெருந்திரையில் காட்டி நூற்றுக்கணக்கானோர் ஆர்ப்பரிக்க உரிமம் தேவையில்லை. இங்கிலாந்தின் மரபு நடனமான மாரிஸ் நடனத்துக்கும், அதனோடு ஒலிபெருக்கியின்றி இசைக்கப்படும் இசைக்கும் தனி விலக்கு உண்டு. நகைச்சுவைப் பேச்சும் பட்டியலில் இல்லை. ஆனால் ஒருவர் பியானோ வாசித்தால் உரிமம் தேவை. அது உணவருந்துவோருக்கான பின்னணி இசை மட்டுமே எனில் தேவையில்லை. எது பின்னணி, எது நிகழ்ச்சி என்பதில் மன்ற அதிகாரிகளிடையே ஒத்த கருத்து இருக்கவில்லை.

இசைக் கலைஞர் சங்கம் உள்ளிட்டோரின் நெடுநாள் முயற்சிக்குப் பின், நாடாளுமன்றக் குழுவொன்று 2009 இல் சிறிய இடங்களுக்கு விலக்கு அளிக்குமாறு பரிந்துரைத்தது. பிரபுக்கள் அவையில் கிளெமென்ட் ஜோன்ஸ் பிரபு தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்த நேரடி இசைச் சட்டம் நிறைவேறி, 2012 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, மதுவுரிமம் பெற்ற இடத்தில் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை 200 பேருக்கு மேற்படாத பார்வையாளர் முன் ஒலிபெருக்கியோடு இசைக்கவும், ஒலிபெருக்கி இல்லாவிடில் பார்வையாளர் எண்ணிக்கை வரம்பின்றி இசைக்கவும் தனி அனுமதி தேவையில்லை. 2015 ஏப்ரலில் 200 என்பது 500 ஆக உயர்த்தப்பட்டதோடு, பதிவுசெய்த இசைக்கும் இதே விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்விலக்கு முழு விடுதலை அன்று. இரவு 11 மணிக்குப் பின் பழைய விதிகளே பொருந்தும். அண்டை வீட்டாரோ காவல்துறையோ உரிம மறுஆய்வு கோரினால், மன்றம் இசை தொடர்பான நிபந்தனைகளை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். 1990 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒலித்தொல்லைக்கு எதிராக நடவடிக்கை எடுக்கவும் தடையில்லை. பதிப்புரிமைச் சங்கங்களுக்குச் செலுத்தவேண்டிய இசைக் கட்டணம் இவற்றோடு தொடர்பில்லாத வேறொன்று. மதுவகம் நடத்துவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிச் சிக்கலுக்கு ஆளாவதுண்டு.

வாயிற்காவல்

பேச்சுவழக்கில் பவுன்சர் எனப்படும் வாயிற்காவலர், உள்ளே வருவோரின் தகுதியைப் பார்ப்பவர், சோதனையிடுபவர், சண்டையிடுவோரை வெளியேற்றுபவர். 1990களில் பல நகரங்களில் வாயிலைக் கட்டுப்படுத்துபவரே உள்ளே போதைப்பொருள் விற்பனையையும் கட்டுப்படுத்துகிறார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. சில மன்றங்கள் காவல்துறையோடு சேர்ந்து உள்ளூர்ப் பதிவு முறைகளை நடத்தின. ஓர் ஊரில் பதிவு நீக்கப்பட்டவர் அடுத்த ஊரில் பணிக்குச் சேர்வதை அவற்றால் தடுக்க இயலவில்லை.

2001 ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு நாடளாவிய தீர்வாக வந்தது. அதன்கீழ் உருவான பாதுகாப்புத் தொழில் ஆணையம் 2003 இல் செயல்படத் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் வாயிற்காவலர் உரிமம் 2005 இல் கட்டாயமானது. விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். பயிற்சியில் தேர்ச்சி பெறவேண்டும். குற்றப் பின்னணி ஆராயப்படும். உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பணியின்போது உரிம அட்டையை அனைவரும் காணும்படி அணியவேண்டும். பெரும்பாலோர் அதைக் கைப்பட்டையில் செருகியிருப்பர். 2021 முதல் முதலுதவித் தகுதியும் கட்டாயமாக்கப்பட்டது. உரிமமின்றி இப்பணி செய்வதும், அத்தகையவரைப் பணிக்கு அனுப்புவதும் குற்றங்கள்.

எல்லா மதுவகங்களும் காவலரை நிறுத்தவேண்டும் என்று சட்டம் கூறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மதுவகத்தின் உரிமத்தில் அவ்வாறு நிபந்தனை இருந்தால் மட்டுமே அது கட்டாயம். 2003 சட்டத்தின் 21 ஆம் பிரிவு, அத்தகைய நிபந்தனை விதிக்கப்படின் காவலர் ஆணைய உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்கிறது. எத்தனை பேர் என்பதை இடத்தையும் கூட்டத்தையும் பொறுத்து மன்றமே முடிவு செய்யும். நிபந்தனையின் சொற்கள் இங்கு முக்கியமானவை. 'வெள்ளி, சனி இரவு 9 மணி முதல் இரு காவலர்' என்று எழுதப்பட்டால், இசை உண்டோ இல்லையோ, கூட்டம் பத்துப் பேரேயாயினும் காவலர் நின்றாகவேண்டும். இடரை மதிப்பிட்டுத் தேவைக்கேற்ப நிறுத்துவதாக எழுதப்பட்டால் நடத்துபவருக்கு நெகிழ்வு கிடைக்கிறது; ஆனால் அசம்பாவிதம் நேர்ந்தபின் அம்மதிப்பீட்டைக் காட்டச்சொல்லிக் கேட்பர்.

படிவம் 696

இலண்டன் பெருநகரக் காவல்துறை 2005 இல் அறிமுகப்படுத்திய படிவம் 696, இசையும் காவலும் சந்தித்த இடம் எனலாம். சில இசை நிகழ்ச்சிகளுக்கு முன் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், கலைஞர்கள் ஆகியோரின் பெயர், பிறந்த நாள், முகவரி முதலிய விவரங்களை இப்படிவத்தில் அளிக்குமாறு காவல்துறை கேட்டது. தொடக்கத்தில் இசையின் வகையும், வரவிருக்கும் பார்வையாளரின் இனமும் கூட இதில் கேட்கப்பட்டன. துப்பாக்கி வன்முறையைத் தடுக்கவே இது என்று காவல்துறை கூறியது. கிரைம், கராஜ் போன்ற கறுப்பின இளைஞர்களின் இசையே குறிவைக்கப்பட்டது என்று கலைஞர்கள் குற்றஞ்சாட்டினர். 2009 அளவில் இனம் பற்றிய கேள்வி நீக்கப்பட்டபோதும், நிகழ்ச்சிகள் இறுதி நேரத்தில் நிறுத்தப்படுவதாகப் புகார்கள் தொடர்ந்தன. இலண்டன் மேயர் சாதிக் கான் மறுஆய்வு கோரியதைத் தொடர்ந்து 2017 நவம்பரில் படிவம் கைவிடப்பட்டது.

பிந்தைய மாற்றங்கள்

2017 ஏப்ரலில் பிரபுக்கள் அவைக் குழு, உள்ளாட்சித் துணைக்குழுக்களின் தரத்தைக் கடுமையாகக் குறைகூறி, இப்பணியைத் திட்டமிடல் குழுக்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 2018 இல் திருத்தப்பட்ட தேசியத் திட்டமிடல் கொள்கை, ஏற்கனவே இயங்கும் இசைக்கூடத்தின் அருகே புதிய குடியிருப்பு கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்னும் கோட்பாட்டைச் சேர்த்தது. எனினும் அது திட்டமிடலைச் சார்ந்தது. உரிமச் சட்டத்தில் அவ்வாறு ஒரு விதி அப்போது சேர்க்கப்படவில்லை.

2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரினா இசை நிகழ்ச்சியின் முடிவில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 22 பேர் உயிரிழந்தனர். அதில் மகன் மார்ட்டின் ஹெட்டை இழந்த ஃபிகன் மரே நடத்திய இயக்கத்தின் பயனாக 'மார்ட்டின் சட்டம்' எனப்படும் பயங்கரவாதத் தடுப்பு வளாகச் சட்டம் 2025 ஏப்ரல் 3 அன்று அரச ஒப்புதல் பெற்றது. ஒரே நேரத்தில் 200 முதல் 799 பேர் வரை வரக்கூடிய இடங்கள் வெளியேற்றம், கதவடைப்பு முதலியவற்றுக்கான நடைமுறைகளை வகுக்கவேண்டும். 800 பேரும் அதற்கு மேலும் எனில் கூடுதல் கடமைகள் உண்டு. ஆயத்தத்துக்காகக் குறைந்தது 24 மாத அவகாசம் அறிவிக்கப்பட்டது. இதன் கண்காணிப்பும் பாதுகாப்புத் தொழில் ஆணையத்திடமே அளிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான சிறு மதுவகங்கள் 200 பேர் என்னும் வரம்புக்குக் கீழே உள்ளமையால் இச்சட்டத்தின் கீழ் வரா.