தொழிற்சாலைக் கழிவு எங்கே போகிறது? இ-ஸ்விஸ் முறை பற்றிய விளக்கம்

சிம்பாங் அம்பாட் டோலில் தினமும் எத்தனையோ லோரிகள் ஏறி இறங்குகின்றன. அலோர் காஜா மாவட்டத்தில் பெகோ, ரெம்பியா வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளுக்கும் இதுதான் வழி. அந்த லோரிகளில் சில, பழைய எண்ணெயும் ரசாயனக் கழிவும் ஏற்றிப் போகின்றன. அவை சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகின்றனவா? அதைக் கண்காணிக்கும் கணினி முறைதான் இ-ஸ்விஸ். இதை நடத்துவது ஜே.ஏ.எஸ். எனப்படும் சுற்றுச்சூழல் துறை.

எந்தக் கழிவு இதில் வரும்?

வீட்டுக் குப்பை இதில் சேராது. மலாக்காவில் அது 672 சட்டத்தின் கீழ், எஸ்.டபிள்யூ.கார்ப் பொறுப்பில் உள்ளது. இ-ஸ்விஸ்ஸில் வருவது ‘அட்டவணையிடப்பட்ட கழிவு’ மட்டுமே. 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் இதை 77 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தந்துள்ளன. பழைய இன்ஜின் எண்ணெய் எஸ்.டபிள்யூ 305. மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ 110. ரசாயனம் ஒட்டிய டிரம், எஸ்.டபிள்யூ 409. அபாயக் கழிவு பட்ட துணி, பில்டர் போன்றவை எஸ்.டபிள்யூ 410.

அதனால், சின்ன ஒர்க்‌ஷாப்தானே, நமக்கு இது எதுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய எண்ணெய் அங்கேயும் சேருகிறது.

ஒரு டிரம்மின் பயணம்

புதிய வகைக் கழிவு உருவானால், 30 நாளுக்குள் ஜே.ஏ.எஸ்.ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். டிரம்மில் குறியீடும் தேதியும் உள்ள லேபிள் ஒட்ட வேண்டும். 180 நாள் வரை ஸ்டோரில் வைக்கலாம். ஆனால் மொத்தம் 20 டன்னைத் தாண்டக் கூடாது. பதிவேட்டை 3 ஆண்டு வரை பாதுகாக்க வேண்டும்.

வெளியே அனுப்பும்போது ‘ஒப்படைப்புக் குறிப்பு’ தேவை. அதில் முதல் பகுதியை நிரப்புவது தொழிற்சாலை. அடுத்ததை, உரிமம் பெற்ற லோரி நிறுவனம். கடைசிப் பகுதியை, கழிவைப் பெறும் இடம். அது மறுசுழற்சி ஆலையாக இருக்கலாம், நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் உள்ள அழிப்பு மையமாகவும் இருக்கலாம். முன்பு காகிதத்தில் கைமாறிய இந்தக் குறிப்பு, இப்போது கணினியில் நகர்கிறது.

30 நாளாகியும் பெற்றுக்கொண்டதற்கான பதிவு திரும்பி வரவில்லையா? தொழிற்சாலையே உடனே ஜே.ஏ.எஸ்.ஸிடம் சொல்லி, என்ன ஆனது என்று விசாரிக்க வேண்டும். “லோரியில் ஏத்திட்டோம், அதோட நம்ம வேலை முடிஞ்சுது” என்று கைகழுவ முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

2019 மார்ச் மாதம், ஜோகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பிறகு சட்டத்தை இறுக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, அதிகபட்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டுக்கு உயர்ந்தது.

கணினியால் முடியாதது என்ன?

பதிவு செய்த கழிவைத்தான் இ-ஸ்விஸ் காட்டும். பதிவே செய்யாமல் ராத்திரியோடு ராத்திரியாகச் செம்பனைத் தோட்டத்து ஓரத்திலோ ஆற்றிலோ கொட்டினால், அது திரையில் வராது. அங்கே தேவைப்படுவது அதிகாரிகளின் சோதனையும் அக்கம்பக்கத்தாரின் கண்ணும்தான்.

தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியவை

• லேபிள் இல்லாத டிரம்மைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள்.

• காலி ரசாயன டிரம்மை வீட்டுக்குக் கொண்டு வந்து தண்ணீர் பிடிக்க வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய இரும்புக் கடைக்கும் போடக் கூடாது.

• எடை, குறியீடு எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

• கழிவு கொட்டுவதைப் பார்த்தால் கிட்டே போகாமல், இடம், நேரம், லோரி எண்ணைக் குறித்துக்கொண்டு ஜே.ஏ.எஸ்.ஸை 1-800-88-2727 என்ற எண்ணில் அழையுங்கள்.