கேள்வித்தாளோடு ஊருக்குள் வந்தவர்கள்

1915ஆம் ஆண்டின் கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் தொழிலாளிகள் படிப்பதற்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்துக்கொண்டபோது குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று புத்தகம் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக நியமித்திருந்தது. 1857இல் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பாலும் பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் வேலை. ஆராய்ச்சி அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

ஸ்லேட்டர் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். நிலம் யார் யாரிடம் இருக்கிறது, என்ன விளைகிறது, கூலி நெல்லாகவா காசாகவா, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். 1916இல் தொடங்கிய அந்த வேலை 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற ஆங்கில நூலாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற தமிழ்நாட்டு ஊர்களில் ஐந்து, பிற்பாடு பொருளாதாரம் படிப்பவர்களுக்கு மனப்பாடமாயின: தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே தூசி, கீழத்தஞ்சைப் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான்.

அந்த நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தக் காலத்தில் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள்? பெரும்பாலும் நிலபுலம் உள்ள, மேல்சாதி வீடுகளிலிருந்து. அவர்கள் சேரிக்குள் போய் உட்கார்ந்து கேட்டிருப்பார்களா, இல்லை திண்ணையில் உட்கார்ந்தபடி ஆளை வரச்சொல்லிக் கேட்டிருப்பார்களா? பண்ணையார் வீட்டுப் பையன் கேட்கிறான், பண்ணையாள் பதில் சொல்கிறான் என்றால் அந்தப் பதிலுக்கு எவ்வளவு பெறுமானம் கொடுப்பது? ஸ்லேட்டரைக் குறைத்துப் பேசவில்லை. அவர் கேட்கவைத்திருக்காவிட்டால் அந்தப் பதில்கூட நமக்குக் கிடைத்திருக்காது.

இந்தத் தொழிலின் கடைசிப் படியில் நானும் நின்றிருக்கிறேன். எம்.ஏ. முடித்த கையோடு, எண்பதுகளின் தொடக்கத்தில், தென்னார்க்காட்டில் ஓர் ஆய்வுக்கு விவரம் சேகரிப்பவனாகப் போனேன். எங்கள் பேச்சில் அந்தக் கேள்வித்தாளுக்கு 'ஷெட்யூல்' என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு. தெருவுக்குள் நுழைந்ததும், "இன்னா தம்பி, லோன் கீன் வருதா?" என்பார்கள். வராது என்று சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். வரும் என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. மாடு எத்தனை என்றால் ஒன்று குறைத்துத்தான் சொல்வார்கள், கண் பட்டுவிடும் என்ற பயம். நகை அடகில் இருப்பதை ஆண் சொல்லவே மாட்டான். அவன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, வீட்டு அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிடுவார்.

அளவைகள் தனி வில்லங்கம். எங்கள் பக்கம் காணிக் கணக்கு. ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர். தஞ்சைப் பக்கம் போனால் மாவும் வேலியும். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் ஒரே கொள்ளளவு இல்லை. கூலி அளக்க ஒன்று, குத்தகை அளக்க ஒன்று என்று ஒரே வீட்டில் இரண்டு மரக்கால் இருந்த கதையும் கேட்டிருக்கிறேன். மரக்காலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் கூலி இத்தனை மரக்கால் என்று எழுதினால் அது வெறும் எண். 1916இன் கூலியையும் இன்றைய கூலியையும் ஒரே அட்டவணையில் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்லேட்டரின் ஊர்களுக்குப் பிற்பாடு வந்தவர்கள் வரிசை நீளமானது. 1936–37இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். 1961இல் ஆக்ஸ்போர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எண்பதுகளில் அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம் ஐந்து ஊர்களையும் கையில் எடுத்தது. நிதித்துறைச் செயலராக இருந்து ஆய்வாளரான எஸ். குகனும், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் அதே ஊருக்கு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை ஒரு கூட்டம் கேள்வித்தாளோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

இந்த நூல்களை எல்லோரும் என்ன மாறியது என்று பார்க்கத்தான் புரட்டுவார்கள். நான் வேறொன்றைத் தேடுவேன்: அந்தந்தக் காலத்து மனிதர் எதைச் சொல்லத் தயங்கியிருப்பார்?

1916இல் கேள்வி கேட்க வருகிறவன் யாராக இருந்தாலும் சர்க்கார் ஆள்தான். ரயத்துவாரி முறையில் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை தீர்வையைத் திருத்துவார்கள், பெரும்பாலும் ஏற்றத்தான் செய்வார்கள். விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று அப்போது எந்தக் குடியானவன் வாய்விட்டுச் சொல்வான்? 1936இல் நிலைமை நேர்மாறு. உலக மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. விவசாயக் கடன் பற்றி சத்தியநாதன் அரசுக்கு அறிக்கை கொடுத்தது 1935இல், ராஜாஜி ஆட்சி கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது 1938இல். இடைப்பட்ட காலத்தில் கடன் எவ்வளவு என்று கேட்டால் ஒரு ரூபாய் கூட்டிச் சொல்வதில் நஷ்டமில்லை. நான் போன காலத்தில் எல்லோரும் மறைத்தது நிலத்தை. 1961இல் 30 தரநிலை ஏக்கர் என்றிருந்த உச்சவரம்பை 1970இல் 15 ஆக்கியிருந்தார்கள். பெரிய கை ஒவ்வொன்றும் நிலத்தை மருமகன் பேரிலும் மடைக்காரன் பேரிலும் எழுதிவைத்திருந்தது. குத்தகைக்காரனோ தான் குத்தகைக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொண்டு பதிவாகிவிட்டால் மறு போகத்துக்கு நிலம் கிடைக்காது.

கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். தெரியாது. சாகுபடி செய்பவர் பெயர் வர வேண்டிய இடத்தில் பட்டாதாரர் பெயரே வரிசையாக இருக்கும். அதோடு 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்திருந்தது. நியாயமான முடிவு. ஆனால் எழுதப்படாத கணக்கு முழுவதும் அந்தப் பழைய கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. எந்த சர்வே எண் யார் பேரில், நிஜத்தில் யார் கையில் என்று அவருக்குத்தான் தெரியும். கோபத்தில் இருந்த மனிதரிடம் காபி வாங்கிக் கொடுத்துப் பேசவைக்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சி முறையியல் பாடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இருவேல்பட்டு அறிக்கைகளை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு நூற்றாண்டே கண்முன் ஓடும். மலட்டாற்றுப் பக்கத்து ஊர், பெரிய ரெட்டியார் பண்ணை. 1916இல் படியாள்கள் என்ற பண்ணைக் கூலிகள் முன்பணம் வாங்கி அந்தக் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். ஒரு கல்யாணச் செலவு போதும், ஆள் பண்ணையோடு கட்டப்பட்டுவிடுவான். 1981இல் படியாள் முறை தேய்ந்திருந்தது, பண்ணையின் பிடி முழுதாக விடவில்லை. 2008இல் படியாள் இல்லை. பண்ணையின் அதிகாரம் ஊராட்சியிலும் தளர்ந்துவிட்டது. வேலை தேடிப் பிள்ளைகள் வெளியூருக்குப் போகிறார்கள். பெரிய அளவில் நிலம் தலித்துகள் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிலம் அசையாமலே நிலத்தின் அதிகாரம் குறைந்தது. நிலச்சீர்திருத்தச் சட்டத்தை விட ரேஷன் அரிசியும் பேருந்தும் வெளியூர்க் கூலியும் அதிகம் செய்திருக்கின்றன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் பாலக்குறிச்சியைக் காட்டுவார்கள். வெண்மணிக்குப் பக்கத்து ஊர். 1968 கிறிஸ்துமஸ் இரவில் கூலித் தகராறில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண்ணில் சங்கமும் போராட்டமும் இல்லாமல் கூலி உயர்ந்ததா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மற்ற மூன்று ஊர்களும் வேறு வழியில் போயின. வடமலாபுரத்தில் ஸ்லேட்டரின் மாணவர் கணக்கெடுத்தபோது சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்தது அதற்குப் பிறகு. கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது, டயர் ஆலையிலிருந்து சூரிய மின்கல ஆலை வரை. தூசிப் பக்கம் செய்யாறு சிப்காட்டுக்குக் காலையில் வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன.

இன்று என் பழைய மாணவர்கள் கைக்கணினியோடு கணக்கெடுக்கப் போகிறார்கள். நிலம் எவ்வளவு என்றால் பயமில்லாமல் சொல்கிறார்களாம். மறைப்பது காரையும் மாடியையும்தான். 2023இல் மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து, கேள்வி கேட்கப் போனாலே, "இது ஆயிரம் ரூபாய்க்கா சார்?" என்று முதலில் கேட்கிறார்கள். சொத்து காட்டினால் தொகை போய்விடுமே என்ற கவலை. நாங்கள் நிலத்துக்குப் பட்ட பாட்டை அவர்கள் இதற்குப் படுகிறார்கள்.

அவர்கள் கேட்கும் சந்தேகங்களில் ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. குடும்பம் என்றால் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மகன் பெங்களூரில் கட்டட வேலை, மருமகள் திருப்பூரில், பேரப்பிள்ளை பாட்டியோடு ஊரில், ரேஷன் அட்டையில் எல்லோரும் ஒன்றாக. பணம் மாதாமாதம் வருகிறது, உலை மூன்று இடத்தில் கொதிக்கிறது. இதை ஒரு குடும்பம் என்று போடுவதா, மூன்று என்று போடுவதா? ஒன்று என்று போட்டால் ஊர் வசதியாகத் தெரியும், மூன்று என்று போட்டால் பாட்டி பரம ஏழை. என்னிடம் கேட்டால், ஆய்வைப் பொங்கல் வாரத்தில் வையுங்கள், எல்லோரும் ஊரில் இருப்பார்கள், அவர்களையே கேளுங்கள் என்பேன். பண்டிகை நாளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் படிக்காசு யார் தருவது என்று உடனே பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் கேட்பார்கள்.